கணவாய் மூடுவதற்குள்: ஸன்ஸ்காருக்குப் பணிக்குப் போகும் செவிலியருக்கு

இரண்டு கோடைகளும் ஒரு பனிக்காலமும் லடாக்கின் ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கில் செவிலியராக வேலை செய்தேன். அங்குள்ள பதும் ஊர் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்கிலுக்குப் போக 230 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் 4,400 மீட்டரில் பென்சி லா கணவாய். நான் இருந்த காலத்தில் பனி அதை மூடிவிட்டால் ஹெலிகாப்டர்தான், அதுவும் வானம் தெளிந்திருந்தால்தான். ஆகவே ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், நாடி பார்க்கும் கையோடு மணியையும் வானத்தையும் பாருங்கள்.

வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கியதா என்று கேளுங்கள். இருமச் சொல்லுங்கள்; இருமும்போது அந்த இடத்தைக் கை தானாகப் பொத்துகிறதா? குடல்வால் அழற்சியைச் சந்தேகிக்க அது போதும். வயிறு பலகைபோல் இறுகியிருந்தால் குடலோ இரைப்பையோ துளைபட்டிருக்கலாம். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இம்மூன்றில் எதுவானாலும் "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். உடனே மருத்துவரை எழுப்புங்கள், வண்டிக்குச் சொல்லுங்கள்.

சமவெளியிலிருந்து வந்தவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவால் வரும் உயர நோயிலும் வாந்தி வரும், பசி போகும். மலையேற வந்த ஓர் இளைஞனை அவனுடைய குழுவினர் உயர நோய் என்றே எண்ணி ஓர் இரவு முழுவதும் கூடாரத்தில் படுக்க வைத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது குடல்வால் வெடித்திருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது. உயர நோயில் தலைவலிதான் முன்னே நிற்கும். வயிற்றில் ஒரே இடம் அழுத்தினால் வலிக்காது.

அனுப்பும் முன் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட மருத்துவரிடம் கேளுங்கள். பதுமில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கணவாயில் இன்னும் குறையும், அடைபட்ட குடலுக்குள் இருக்கும் வாயு இன்னும் விரியும்.

அறுவை அங்கேயே நடக்குமானால் ஆட்டோகிளேவை, அதாவது அழுத்த நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் கலனை, அப்படியே நம்பிவிடாதீர்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கருவிகளைக் கொதிக்கவைப்பதால் கிருமிநீக்கம் ஆகாது. அழுத்தமானி 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி வந்திருக்காது, சுமார் 115தான் இருக்கும். மதுரையில் பழகிய 15 நிமிடக் கணக்கு அங்கே செல்லாது. வெப்பமானியைப் பாருங்கள், ஒவ்வொரு பொதியிலும் நிறம் மாறும் பட்டை வையுங்கள். 115 டிகிரிதான் எட்டுகிறது என்றால் அந்த வெப்பத்தில் அரை மணி நேரம் வையுங்கள்.

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். குர்குர் சாய் குடித்தீர்களா என்று தனியாகக் கேளுங்கள். வெண்ணெயும் உப்பும் போட்ட அந்தத் தேநீரை யாரும் உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. மயக்க மருந்துக்கு முன் அதற்கும் ஆறு மணி நேரம் வேண்டும். ஆம்ச்சி எனப்படும் நாட்டு வைத்தியர் என்ன கொடுத்தார் என்பதையும் மரியாதையோடு கேளுங்கள். கடிந்து கேட்டால் மறைத்துவிடுவார்கள்.

இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் என்று காட்டினால் அங்கே பெரும்பாலும் அது இயல்பு. அறுவைக்கு முன்பே அவரவர் அளவைக் குறித்துவைத்து, பிறகு அதோடு ஒப்பிடுங்கள்.

ஆடு, நாய்களோடு வாழ்பவருக்குக் கல்லீரலில் நீர்க்கட்டி தெரிந்தால் நாடாப்புழுக் கட்டியாக இருக்கலாம். அவசரப்பட்டு ஊசி குத்த விடாதீர்கள். நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

நோயாளியோடு ஒரு தாள் அனுப்புங்கள்: வலி தொடங்கிய நேரம், கொடுத்த மருந்துகள், கடைசியாகக் குடித்த தேநீர், சிறுநீர் அளவு. அதை அவருடைய கோன்ச்சா அங்கியின் உள்மடிப்பில் வைத்து, உடன் போகிறவரிடம் காட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள்; அந்தக் குளிரில் பேனா மை உறைந்துவிடும்.