டிராக்டர் டீசல் ஃபில்டர் மாற்றுவதும், ஏர் எடுப்பதும்

ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது எல்லாம் பழகிய பிறகும் டீசல் ஃபில்டரில் கைவைக்கப் பலர் தயங்குகிறார்கள். கழற்றி மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போய்விடுமோ என்ற பயம்தான். அந்தப் பயம் நியாயமானது. ஃபில்டரைக் கழற்றினால் காற்று உள்ளே புகத்தான் செய்யும். காற்று அமுங்கிக்கொள்ளும் பொருள் என்பதால், பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. அந்தக் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்கத் தெரிந்துவிட்டால் இது ஒரு மணி நேர வேலை.

இங்கே சொல்வது டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப், ஃபில்டர், நாசிலுக்கு அழுத்தி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்ப் என்று தனித்தனியாக உள்ள வழக்கமான டிராக்டருக்கு. காமன் ரெயில் வண்டி (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) என்றால் நாசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது, அதில் அழுத்தம் மிக மிக அதிகம். அதற்குக் கையேட்டில் உள்ளபடி மட்டும் செய்யுங்கள்.

ஹவர் மீட்டரைப் பார்த்து, கையேடு சொல்லும் மணிக்கணக்கில் ஃபில்டரை மாற்றவும். காகித ஃபில்டரை டீசலில் அலசித் திரும்பப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அலசும்போது அழுக்கு சுத்தமான பக்கத்துக்குப் போய்விடும். அது பம்பையும் நாசிலையும் தின்றுவிடும்.

ஸ்பேனர் விஷயத்தில் ரிங் ஸ்பேனர்தான் என் தேர்வு. ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டால் காற்றை வெளியேற்றத் தளர்த்தும் ஏர் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும். புது செப்பு வாஷர்கள், நூல் உதிராத துணி, வடியும் டீசலைப் பிடிக்க ஒரு டப்பா இவையும் வேண்டும். பஞ்சு வேஸ்ட் வேண்டாம், அதன் இழை உள்ளே போகும்.

எஞ்சின் ஆறட்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். கழற்றும் முன்பே ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடைத்துவிட்டு, டேங்க் காக்கை (டீசலைத் திறந்து மூடும் வால்வை) மூடவும்.

முதலில் கண்ணாடிக் கப், அதாவது டீசலில் வரும் தண்ணீரும் அழுக்கும் தங்கும் கிண்ணம். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். கொட்டிக் கழுவுங்கள். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் முறை கப்பின் பழைய ரப்பர் வாஷரையே திரும்பப் போட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏர் எடுத்தேன், வண்டி ஸ்டார்ட் ஆனது, ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டது. மறுபடி எடுத்தேன், மறுபடி நின்றது. மூன்று முறை இப்படி. எங்கேயும் ஒரு சொட்டு டீசல் கசியவில்லை, அதனால் மூட்டெல்லாம் சரி என்றே நம்பினேன்.

டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே உள்ளது உறிஞ்சும் பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். என் வண்டியில் கப் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ரப்பர் கெட்டிப்பட்டு ஒரு பக்கம் உட்காராமல் இருந்திருக்கிறது. புது வாஷர் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. டேங்க் மேலே இருக்கும் வண்டியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூட்டுகளைத் துடைத்து, காக்கைத் திறந்தபடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஈரம் தெரியும் இடம்தான் சந்தேகத்துக்குரிய இடம்.

அடுத்து ஃபில்டர். பழைய ரப்பர் வளையம் சில சமயம் மேல் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவிப் பார்த்து எடுங்கள். அதன் மேலேயே புது வளையம் உட்கார்ந்தால் கசியும். புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பவும் வேண்டாம். வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போய்விடும்.

சரி, இனி ஏர் எடுப்பது. டேங்கில் போதுமான டீசல் இருக்கட்டும், காக்கைத் திறங்கள். முதல் ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி. குமிழியே இல்லாமல் டீசல் ஒரே சீராக வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்கவும். அடுத்து இரண்டாவது ஃபில்டர் இருந்தால் அது, அதன்பின் இன்ஜெக்‌ஷன் பம்ப். இந்த வரிசையை மாற்றக் கூடாது, டீசல் போகும் திசையிலேயே போக வேண்டும்.

பெரும்பாலும் இத்தோடு ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவில்லை என்றால் ஸ்டாப்பரை (எஞ்சினை நிறுத்த இழுக்கும் குமிழை) உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாக வைத்து, நாசில் பக்கத்து பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடியுங்கள். பத்து வினாடிக்கு மேல் அடிக்காமல், நடுவே அரை நிமிடமாவது விடுங்கள். டீசல் துள்ளி வந்ததும் செல்ஃபை நிறுத்திவிட்டு நட்டை இறுக்கவும். கையோ முகமோ அந்தப் பக்கம் போகக் கூடாது. அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பின் சேர்க்கை: கைப்பம்பை அடித்தால் பிடிப்பே இல்லை, டீசலும் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். நெம்புகோல் வகைப் பம்பில், உள்ளே சுழன்று பம்பை இயக்கும் கேம் தூக்கிய நிலையில் நின்றிருந்தால் இப்படித்தான் இருக்கும். செல்ஃபை ஒரு நொடி தட்டி எஞ்சினைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். குமிழ் திருகிப் பம்ப் அடிக்கும் வகை என்றால், வேலை முடிந்ததும் குமிழைத் திரும்ப நன்றாகத் திருகி மூடவும். தளர்வாக விட்டால் அங்கிருந்து டீசல் கசியும், காற்றும் புகும்.