வடமேற்கு நோக்கி 20 மீற்றர் மொக்ஸன் அன்ரனா

திருகோணமலையிலிருந்து லண்டன் ஏறத்தாழ 321 பாகையில், வடமேற்கில் இருக்கிறது. ஐரோப்பாவைப் பிடித்தால் போதும் என்பவர்களுக்குச் சுழலும் கோபுரம் தேவையில்லை. அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரமும் இரண்டு மரங்களும் இருந்தால் 14 மெகாஹேர்ட்ஸ் (20 மீற்றர் அலைநீளப் பட்டை) மொக்ஸன் கட்டிவிடலாம். மொக்ஸன் என்பது முன்னும் பின்னுமாக இரண்டு கம்பிகளின் முனைகளை மடித்துச் செவ்வகமாக்கி, ஒரே திசைக்கு அலையை அனுப்பும் அன்ரனா. மரங்கள் வடகிழக்கு–தென்மேற்குக் கோட்டில், குறைந்தது 12 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். தென்னையைவிடப் பனை நல்லது. காற்றில் குறைவாக ஆடும்.

வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67 வயர் 21 மீற்றர் வாங்குங்கள். உறையை உரிக்கவேண்டாம், உப்புக்காற்று வெறும் செம்பை அரித்துவிடும். உறைக்காகக் கீழுள்ள அளவுகளில் 3 வீதம் ஏற்கெனவே குறைத்திருக்கிறது.

முன்கம்பி 4.87 மீற்றரில் இரண்டு துண்டு. நடுவில், ரேடியோவிலிருந்து வரும் 50 ஓம் கோஎக்ஸ் கேபிள் நேரடியாக இணையும். ஒவ்வொரு துண்டும் 3.74 மீற்றர் நேராக ஓடி, மிகுதி 1.13 பின்னால் மடங்கும். பின்கம்பி 10.26 மீற்றரில் ஒரே துண்டு: நேர்ப்பகுதி 7.48, இருபுறமும் 1.39 முன்னால் மடங்கும். மடிந்த முனைகள் ஒன்றையொன்று பார்த்தபடி 20 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் 2.72 மீற்றர் மூங்கில் ஒவ்வொன்று. முன்கம்பி வடமேற்குப் பக்கம் வரவேண்டும். மாற்றிக் கட்டினால் அலை தென்கிழக்கே கடலுக்குப் போய்விடும்.

இந்த அன்ரனாவின் உயிர் அந்த 20 சென்ரிமீற்றர் வெளிதான். பின்பக்கமிருந்து வரும் சத்தம் அடங்குவதும் 50 ஓம் கிடைப்பதும் முனைகள் தொடாமலே அங்கே மின்புலத்தால் பிணைவதால்தான். மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். வாடைக்காற்று காலத்தில் ஈர மூங்கிலில் உப்புப் படிந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி அன்ரனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் அளவு) காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று காட்டும். ஆகவே முனைகளை மூங்கிலில் கட்டாமல், இடையில் பிவிசி குழாய்த் துண்டு வைத்து நைலோன் கயிற்றால் இறுக்குங்கள். மாரி முடிந்ததும் இறக்கி நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

10 மீற்றர் உயரமாவது ஏற்றுங்கள். ஒரு மரத்தில் கப்பி போட்டு, கயிற்று நுனியில் மணல் நிரப்பிய கானைத் தொங்கவிட்டால் மரம் ஆடினாலும் கம்பி அறாது. கோஎக்ஸ் இணையும் இடத்திலேயே எஃப்டி240-31 எனும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் அதை 12 சுற்றுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் கேபிளின் வெளியுறையே அன்ரனாவாகி பின்பக்கச் சத்தத்தை உள்ளே கொண்டுவரும். இணைப்பை ரப்பர் டேப்பால் மூடுங்கள்.

ஒத்திசைவை, அதாவது எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறையும் அதிர்வெண்ணை, அளப்பது முழு உயரத்தில் மட்டும். நிலத்தருகே ஒத்திசைவு கீழே இறங்கித் தோன்றும், அதை நம்பி வெட்டினால் கம்பி குட்டையாகிவிடும். மேலேயும் 14.1 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே நின்றால் முன்கம்பியின் மடிந்த வால்கள் இரண்டிலும் ஒவ்வொரு முறையும் 2 சென்ரிமீற்றர் வெட்டுங்கள். வெட்டும்போது வெளி அகலும். முன் மூலையை மூங்கிலில் அதே அளவு உள்ளே தள்ளிக் கட்டி 20-ஐ மீட்டெடுங்கள். இடி முழங்கும் மாலைகளில் கோஎக்ஸை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள்.