ப்ரிம்ரோஸ் வேரைத் தின்ற புழு

இங்கிலாந்தில் எங்கள் தோட்டத்து ஆப்பிள் மர நிழலில் வருடா வருடம் பூக்கும் மஞ்சள் ப்ரிம்ரோஸ் செடிகள், செப்டம்பரில் திடீரென்று துவண்டன. மண்ணில் ஈரம் இருந்தது. ஒன்றை லேசாக இழுத்தேன். வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. மண்ணைக் கிளறினால், பழுப்புத் தலையும் வளைந்த வெள்ளை உடம்புமாகக் கால் இல்லாத புழுக்கள். வைன் வீவில் என்ற கூன்வண்டின் புழுக்கள் இவை. இலை ஓரத்தை வளைவு வளைவாகக் கடித்து வைப்பது தாய் வண்டு. அந்தக் கடித்த தடத்தைப் பார்த்தாலே உஷாராகிவிடுங்கள்.

வேர் மிச்சமிருந்த செடிகளைத் தோண்டி, அலசி, புழுக்களைப் பொறுக்கிவிட்டு, இலைமக்கு கலந்த புது மண்ணில் நட்டேன். அப்புறம், கூன்வண்டுக்கென்றே விற்கும் நூற்புழுக்களை (நெமடோடு எனும் மிக நுண்ணிய புழுக்கள்) தண்ணீரில் கலந்து பாத்தி முழுக்க ஊற்றினேன். அவை வண்டுப் புழுவுக்குள் புகுந்து அதைக் கொன்றுவிடும். செடிக்கு ஒன்றும் ஆகாது. மண் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பலிக்காது என்பதால், அக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது. பிழைத்த செடிகள் எல்லாமே மார்ச்சில் பூத்தன.