விபத்து நட்டஈடு: "கதைச்சு முடிப்பம்" என்பவர்களுக்கு மறுமொழி சொல்ல முன்னர்

யாழ் போதனா வைத்தியசாலையில் காலுக்குக் கம்பி வைத்துப் படுத்திருக்கும்போதே மோதிய வாகனக்காரரின் ஆட்கள் வந்து நிற்பார்கள். "அண்ணை, கோடு கச்சேரி எண்டு அலைய வேண்டாம், ஒரு லட்சம் தாறம், கதைச்சு முடிப்பம்." கதைத்து முடிப்பது நல்ல வழிதான். ஆனால் உங்களுக்கு எவ்வளவு இழப்பு என்று உங்களுக்கே தெரியாத நாளில் கதைத்து முடிக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகவே இந்த விளக்கம்.

1. பதிவு

விபத்து நடந்த பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தை எழுதி வையுங்கள். மற்ற வாகனத்தின் இலக்கம், காப்புறுதி நிறுவனம், காப்புறுதிப் பத்திர இலக்கம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி (காயங்களை நீதிமன்றத்துக்காகப் பரிசோதித்து அறிக்கை எழுதும் வைத்தியர்) உங்களைப் பரிசோதித்தாரா என்று பாருங்கள். வீடு போகும்போது தரும் நோய் விவர அட்டையைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள், அது கசங்கிப்போகும்.

2. நாள்

1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி, இப்படியான காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். கடைசி நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். மோதியது அரச வாகனம் என்றால் வழக்குக்கு ஒரு மாதம் முன்னரே சட்டமா அதிபருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆகவே அங்கே இன்னும் முந்த வேண்டும்.

3. உங்கள் கணக்கு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் காசு கட்டவில்லை, அதனால் கேட்க ஒன்றுமில்லை என்று எங்கள் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். பெரிய இழப்பு மருந்துச் செலவில் இல்லை, உழைக்க முடியாமல் போன நாட்களில்தான் இருக்கிறது.

கற்பனையாக ஒரு மேசனை எடுப்போம். நாட்கூலி 4,000 ரூபா, மாதம் 22 நாள் வேலை, 5 மாதம் வீட்டில். அதுவே 4,40,000. கிளினிக்குக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் ஓட்டோக் காசு 30,000. பார்த்துக்கொள்ள மனைவி தன் தையல் வேலையை விட்டதால் 60,000. வலிக்கும் வேதனைக்கும் 3,70,000 கேட்கிறார். மொத்தம் 9,00,000. ஆனால் அவரும் சிக்னல் போடாமல் திரும்பியிருக்கிறார். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, அவருடைய பிழையின் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். ஐந்தில் ஒரு பங்கு பிழை அவருடையது என்று வைத்தால் மிஞ்சுவது 7,20,000.

சம்பளச் சீட்டு இல்லையே என்று கைவிட வேண்டாம். மேசனுக்கு ஒப்பந்தக்காரரின் கடிதம், கடலுக்குப் போகிறவருக்குக் கடற்றொழிலாளர் சங்கத்தின் பதிவு, சீவல் தொழிலாளிக்கு அவர் கள் அளந்து கொடுத்த கூட்டுறவுச் சங்கத்தின் கொப்பி. இவை எல்லாம் சான்றுதான்.

4. அவர்கள் சொல்லும் தொகை

முதல் தொகைக்கு அன்றே மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் கேளுங்கள். எலும்பு பொருந்தி, இனி எவ்வளவு குறை மிஞ்சும் என்று வைத்தியர் சொல்லும் வரை முழுத் தீர்வுக்குச் சம்மதிக்க வேண்டாம். கைச்செலவுக்கு ஏதும் தந்தால் "பகுதிக் கொடுப்பனவு" என்று எழுதி வாங்குங்கள். நீங்கள் தொகை கேட்டு எழுதும் கடிதத்தில் "உரிமைகளுக்குப் பாதிப்பின்றி" என்றும், இதை வழக்கில் சான்றாகக் காட்டக் கூடாது என்றும் எழுதினால், இறங்கிக் கேட்ட தொகையைப் பின்னர் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது.

5. மத்தியஸ்த சபை

இரு பக்கத்தையும் இருத்திக் கதைத்து இணக்கிவைக்கும் சபை இது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. கட்டணம் இல்லை, சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது, நீங்களே கதைக்க வேண்டும். சட்டம் வைத்த எல்லைக்குட்பட்ட சிறிய தொகைப் பிணக்குகள் முதலில் இங்கே வரவேண்டும். இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், அதோடுதான் நீதிமன்றம் போகலாம். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். அவர் வயதில் மூத்தவர், ஊரில் மதிப்பானவர் என்பதற்காகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கவலைப்படாதீர்கள். "யோசிச்சுச் சொல்லுறன் ஐயா" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

6. வழக்கும் செலவும்

நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. விபத்து சாவகச்சேரியில் நடந்திருந்தால் அங்கே, பருத்தித்துறையில் என்றால் அங்கே. எதிராளி வசிக்கும் இடத்திலும் போடலாம். வழக்குப் போடுமுன்னர், அல்லது போட்டு 7 நாளுக்குள், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் போக வேண்டும். இதைத் தவறவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி அந்த நிறுவனம் தீர்ப்புப் பணம் கட்டத் தேவையில்லை.

சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: மொத்தமாக எவ்வளவு, வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, வைத்தியரைச் சாட்சிக்கு அழைக்க எவ்வளவு. வென்றால் எதிராளி "வழக்குச் செலவு" தருவார்தான். ஆனால் நீதிமன்றம் அட்டவணைப்படி கணக்கிடும் அந்தத் தொகை நீங்கள் உண்மையில் செலவழித்ததில் சிறு பகுதியைத்தான் மூடும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எதிராளி வழக்கின் எந்தக் கட்டத்திலும், இது போதும் என்று தான் நினைக்கும் தொகையை நீதிமன்றத்தில் வைப்பிலிடலாம். எங்கள் மேசனுக்கு 7,50,000 வைப்பிட்டார்கள், அவர் போதாது என்று தொடர்ந்தார், தீர்ப்பு 7,20,000 வந்தது என்று வையுங்கள். வைப்பிட்ட நாளுக்குப் பிறகான செலவை அவரே எதிராளிக்குக் கட்ட வேண்டிவரும். ஆகவே வைப்புப் பற்றிய அறிவித்தல் வந்தால் அதே கிழமையில் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

இன்னொரு பக்கம்: 5,50,000 இன்றைக்குத் தருகிறோம் என்கிறார்கள். வழக்கில் 7,20,000 கிடைத்து, உங்கள் கைச்செலவு 1,50,000 போனால் மிஞ்சுவது 5,70,000, அதுவும் பல தவணைக்குப் பிறகு. இந்த இடத்தில் நான் என்றால் இணங்குவேன். ஒரு லட்சத்துக்கு ஒருபோதும் இணங்கமாட்டேன்.

7. கையெழுத்து

பத்திரம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும் வரை பேனையைத் தொடாதீர்கள். "முழுமையான, இறுதியான தீர்வு" என்று இருந்தால், இரண்டு வருடம் கழித்து முழங்கால் மடங்காமல் போனாலும் திரும்பக் கேட்க முடியாது. பணம் எந்த நாளில், எந்தக் கணக்குக்கு என்று எழுதுவியுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் இணக்கத்தை நீதிபதி முன்னிலையில் பதிவித்துத் தீர்ப்பாணையாக்குங்கள், பணம் வராவிட்டால் அதைக் கொண்டே அறவிடலாம். அடிபட்டது பிள்ளை என்றால், வழக்கில் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும்.