குடோன் கூரை ஒழுகல்: மாற்றியது இரண்டே ஷீட்

திருப்பூரில் வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் குடோன் ஐப்பசி மழையில் ஒழுகி, பனியன் பண்டல்கள் நனைந்துவிட்டன. மனசே ஆறவில்லை. கான்ட்ராக்டர் மொத்தக் கூரையையும் மாற்றச் சொன்னார்.

வெயில் வந்ததும் நாங்களே சோதித்தோம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்க, கீழ்விளிம்பிலிருந்து முகட்டை நோக்கிப் பகுதி பகுதியாக ஹோஸில் தண்ணீர் விட்டோம். மேலிருந்து தொடங்கினால் ஓட்டை எதுவென்றே பிடிபடாது. சொட்டிய இடத்துக்கு நேர் மேலே ஒன்றுமில்லை. தண்ணீர் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) வழியாக ஓடி வந்திருக்கிறது! ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷர்கள் வெயிலில் வெடித்திருந்தன.

சற்றுத் தடித்த ஸ்க்ரூ, வெயில் தாங்கும் இபிடிஎம் ரப்பரில் புது வாஷர், ஷீட் சேருமிடங்களில் தண்ணீர் புகாமல் ஒட்டி அடைக்கும் பியூட்டைல் டேப் போட்டோம். துருப்பிடித்த 2 ஷீட்டை மட்டும் மாற்றினோம். ஏறுபவர் பாதுகாப்பு பெல்ட்டோடு பர்லின் வரிசையிலேயே நடக்கட்டும்; வெளிச்சத்துக்குப் போட்ட ஃபைபர் ஷீட்டில் கால் வைக்கவே கூடாது.

கார்த்திகை மழையில் ஒரு சொட்டும் இறங்கவில்லை.