மெகலடான் பல்: கிடைத்த இடத்தை நம்பி ஏமாறாதீர்கள்

மெகலடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல்லைத் தேடி, அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் பீஸ் ஆற்றில் சல்லடையோடு இறங்கும் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. நல்லதுதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டால், பழைய ஆட்கள் நாங்கள் உளறியதையே வார்த்தை மாறாமல் உளறுகிறார்கள். மெகலடான் டைனோசரைத் தின்றது என்கிற ரகத்தை விட்டுவிடுகிறேன். மற்ற உளறல்களை ஒவ்வொன்றாகத் தலைப்பில் போட்டு, கீழே பதில் சொல்கிறேன்.

கறுப்பாக இருந்தால் ரொம்பப் பழசு

இல்லை. புதைந்து கிடந்த மண்ணின் தாதுக்கள் கொடுத்த நிறம் அது.

எதோடு கிடைத்ததோ அதன் வயதே பல்லின் வயது

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும். தண்ணீர் வடிந்திருந்த நேரத்தில் ஒரு தம்பி சல்லடையை நீட்டி, "அண்ணா, பனியுகக் குதிரைப் பல்லும் மெகலடான் பல்லும் ஒண்ணா வந்திருக்கு. அப்போ பனியுகத்துலயும் இது இருந்திருக்கு, இல்லையா?" என்றார். சரளைக்கற்களுக்கு நடுவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. சுறாப் பல்லின் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். ரம்பம் மாதிரி நறநறவென்று இருக்க வேண்டிய ஓரம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. பழைய படிவை ஆறு அரித்து, பல்லை உருட்டிக்கொண்டு வந்து, பல லட்சம் ஆண்டு இளைய குதிரைப் பல்லோடு சேர்த்துப் போட்டிருக்கிறது.

ஆற்றங்கரைப் பேச்சோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுதமாட்டேன். 1872-76இல் உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல், பசிபிக்கின் அடியிலிருந்து மெகலடான் பற்களை வாரி எடுத்தது. அவற்றின் மேல் படிந்திருந்த மாங்கனீசுப் படலத்தின் தடிமனை வைத்து 1959இல் கணக்குப் போட்டு, ஒரு பல்லுக்கு 24,000 ஆண்டு, இன்னொன்றுக்கு 11,000 ஆண்டு என்றார்கள். அளந்தது படலத்தை, வயது சொன்னது பல்லுக்கு! படலம் எப்போது படியத் தொடங்கியது, ஒரே வேகத்தில் வளர்ந்ததா என்பதெல்லாம் வெறும் அனுமானம். "இன்னும் உயிரோடு இருக்கலாம்" என்று கிளப்பிவிடுகிறவர்கள் பிடித்துத் தொங்குவது அந்த எண்களைத்தான்.

ஆய்வாளர்களும் தப்பவில்லை. மெகலடான் சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது என்று வெகுநாள் எழுதிவந்தார்கள். அதே காலத்தில் நடந்த நட்சத்திர வெடிப்பின் கதிர்வீச்சுகூடக் காரணமாக இருக்கலாம் என்று 2018இல் ஒரு கருதுகோள் வந்தது. மறு வருஷமே போசனெக்கர் என்ற தொல்லுயிர் ஆய்வாளரின் குழு, கலிஃபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் கிடைத்தவற்றைச் சலித்து, இடம் மாறி வந்த பற்களையும் கிடைத்த இடம் தெளிவில்லாதவற்றையும் கழித்தது. மிஞ்சியவை சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே நின்றுவிட்டன. பத்து லட்சம் ஆண்டு அப்படியே காலி. கூடவே நட்சத்திர வெடிப்பும்.

ஆழ்கடலில் ஒளிந்திருக்கிறது

வாழ்நாள் முழுக்கப் பல் உதிர்க்கிற பிராணி. புதுப் பல் ஒன்று காட்டுங்கள், அப்புறம் பேசுவோம்.

வெள்ளைச் சுறாவைப் பெரிதாக்கினால் மெகலடான்

குருத்தெலும்பு மட்கிவிடுவதால் கிடைப்பதெல்லாம் பல்லும், அபூர்வமாக முதுகெலும்புத் துண்டுகளும்தான். மீதியை வெள்ளைச் சுறாவை வைத்து நிரப்புவது வழக்கம். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். 1909இல் நியூயார்க்கில் அமைத்த தாடையில் ஓரப் பற்களையும் நடுப் பற்கள் அளவுக்கே வைத்ததால் சுறா 30 மீட்டராகிப் போனது. 2025 ஆய்வு ஒன்று சுமார் 24 மீட்டர் வரை சொல்கிறது, ஆனால் ஒல்லியான உடம்போடு. படம் வரைகிறவர்கள் நீளத்தை எடுத்துக்கொண்டு ஒல்லியை விட்டுவிடுகிறார்கள்.

குளிர் வந்தது, செத்தது

பல் எனாமலின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்த 2023 ஆய்வின்படி, அதன் உடம்பு சுற்றியிருந்த நீரைவிட ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸ் சூடு. அப்படிப்பட்டதைக் குளிர் மட்டும் கொன்றிருக்காது. ஆனால் அந்தச் சூட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கரையோரக் கடல் சுருங்கி, திமிங்கல இனங்களும் குறைந்த நேரத்தில், இரைக்கு வெள்ளைச் சுறாவும் போட்டிக்கு வந்திருக்கலாம். வெள்ளைச் சுறா உலகெங்கும் பரவியது சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மேலே சொன்ன 36 லட்சத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய தேதியில் இந்த நெருக்கம் தெரியவே தெரியாது.