முதலாண்டுப் பிள்ளைகளில் 18 நிறையாதவர்கள்: விடுதி வார்டன்களுக்கு

பெண்கள் விடுதியில் 14 வருஷமாகத் துணை வார்டனாக இருக்கிறேன். சேர்க்கை முடிந்ததும் நான் முதலில் கேட்டு வாங்குவது பிறந்த தேதிப் பட்டியலைத்தான். பிளஸ் டூ முடித்து வருகிறவர்களில் பலருக்கு 18 நிறைந்திருக்காது. யாருக்கு எந்தத் தேதியில் நிறைகிறது என்று நோட்டில் குறித்துவையுங்கள். அதுவரை சட்டப்படி அவள் குழந்தை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவளுக்கும் உண்டு.

கோடை முகாமுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளையும் ஊழியர் குடியிருப்புப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். பயிற்சியாளர் எந்தப் பிள்ளையையும் தனியே அறைக்குக் கூப்பிடக் கூடாது என்பதை முதல் நாளே, பெற்றோரை வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

தனக்குப் பாலியல் தொல்லை நடந்தது என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், "அங்க ஏன் போன?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "சொன்னது நல்லதும்மா, உன் மேல தப்பில்ல" என்றால் போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, நேரம் போட்டு எழுதிவையுங்கள். இன்னொருவரிடம் மறுபடி சொல்ல வைக்காதீர்கள். இப்போதுதான் நடந்தது என்றால் குளிக்கவோ துணியைத் துவைக்கவோ விடாமல், துணியைக் காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரசு, தனியார் எதுவானாலும் முதல் சிகிச்சை இலவசம். எப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்டு நிறுத்தக் கூடாது.

பெரும்பாலும் தவறு நடப்பது இதற்கு அடுத்த படியில்தான். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில், 17 வயதுப் பெண்ணின் புகாரை உள்ளகப் புகார்க் குழு (பாலியல் புகார்களை விசாரிக்கக் கல்லூரிக்குள்ளேயே இருக்கும் குழு) ஒன்பது நாள் 'விசாரித்தது'. பத்தாம் நாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை. தெரிந்த உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது. முதல்வர் ஊரில் இல்லை, துறைத்தலைவர் பொறுக்கச் சொல்கிறார் என்றெல்லாம் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு நீங்களே கூப்பிடலாம்.

போலீஸ் என்றாலே பிள்ளைகள் நடுங்குவார்கள். வாக்குமூலம் வாங்க வருபவர் சீருடையில் வரக் கூடாது, இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, இடத்தை நீயே சொல்லலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். என் விடுதிப் பிள்ளை ஒருத்தி பாட்டி வீட்டுத் திண்ணையைக் கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள்.